சாயம் போடாத ஸ்லைடு

அம்பலவாணன் தன் ஆசிரியையைவிடப் பதினோரு வயது மூத்தவர். பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவர். மனைவி கோமதியின் பார்வை நடுவிலிருந்து மங்கத் தொடங்கிய சில வருடங்களில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தார். திருநெல்வேலியில் ஒரு கண் மருத்துவமனையின் பின்புறம் இருந்த ஆய்வகத்தில் மாணவராகச் சேர்ந்தார். ஆய்வகத்தை நடத்தியவர் டாக்டர் நஸ்ரின். அவர் இவரை சார் என்பார். இவர் அவரை மேடம் என்பார்.

மூன்று வருடங்கள் போயின. வாரக் கடைசியில் மட்டும் கல்லிடைக்குறிச்சிக்கு, வீட்டுக்குப் போவார். பதினாறு மருந்துகளைச் சோதித்துவிட்டார். ஒன்றும் பலிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கோமதியையும் முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தார். அவளை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார்.

"மேடம், பதினேழாவது மருந்து வேலை செய்யுது."

"எப்படித் தெரியும்?"

"சாயம் ஒளிருது. செல்லுக்குள்ள கழிவைச் செரிக்கிற நொதி முழிச்சாத்தானே அந்தச் சாயம் ஒளிரும். ஸ்லைடு முழுக்கப் பொன் தூவின மாதிரி இருக்கு."

"வெளியில யாரு சார்?"

"என் சம்சாரம். அவகிட்ட சொல்லிட்டேன். அடுத்த வருஷம் நீ என் முகத்தைப் பார்த்துருவேன்னு சொல்லியிருக்கேன்."

நஸ்ரின் நுண்ணோக்கியில் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சாயம் போடாத ஸ்லைடு எங்க?"

அந்த ஆய்வகத்தில் அது வழக்கம். எந்தச் சோதனையானாலும் ஒரு ஸ்லைடை ஒன்றும் சேர்க்காமல் சும்மா வைக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அம்பலவாணன் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"செல் கொஞ்சம்தான் இருந்தது மேடம். யாரோ செத்து, தானமா வந்த கண்ணு. ஒரு ஸ்லைடைச் சும்மா விட மனசு வரல. எல்லாத்துலயும் மருந்தையும் சாயத்தையும் போட்டுட்டேன்."

நஸ்ரின் குளிர்பெட்டியைத் திறந்தார். செல் இருந்த குழாயின் அடியில் ஒரு துளி மிச்சம் இருந்தது. அதைக் கண்ணாடியில் விட்டு மூடி, நுண்ணோக்கியில் வைத்தார். நீல விளக்கைப் போட்டார்.

"பாருங்க."

பார்த்தார். பொன் தூவியிருந்தது.

"இதுல மருந்து இருக்கா சார்?"

"இல்ல."

"சாயம்?"

"இல்ல."

அவர் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் முடிந்துவிடும் என்பதுபோல அப்படியே குனிந்திருந்தார்.

"கழிவு" என்றார் கடைசியில், தானாகவே. "நீல ஒளி பட்டா அதுவே ஒளிரும். பரீட்சையில எழுதியிருக்கேன். முழு மதிப்பெண் போட்டீங்க."

"போட்டேன்."

"கண்ணு ஏமாத்திட்டுது மேடம்."

"கண்ணு ஏமாத்தல. ஒளி இருந்தது. அதுக்குப் பேரு வச்சது நீங்க."

வெளியே யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார்கள். அம்பலவாணன் முக்காலியில் உட்கார்ந்தார்.

"அது ஏன் சேருது மேடம்? புத்தகத்துல இருக்கிறது எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க."

"ஒளியைப் பிடிக்கிற செல்லோட நுனி தினம் தேயுது. அடியில இருக்கிற செல் தினம் அதைத் தின்னுது. பெரும்பாலும் செரிச்சிரும். துளி செரிக்காது. வெளியே தள்ளவும் வழி கிடையாது. உள்ளேயே கிடக்கும்."

"கிடந்து?"

"நஞ்சாகும். தின்ன செல் சாகும். அது செத்தா, அதை நம்பி மேல இருக்கிறதும் சாகும். உங்க வீட்டம்மாவுக்கு அது பிறவியிலேயே வேகமாச் சேருற உடம்பு."

"பார்க்காமலே இருந்திருந்தா?"

"கொஞ்சம் மெதுவாச் சேர்ந்திருக்கும்."

"அப்போ அவ பார்த்ததோட மிச்சம்தான் அவ கண்ணை மறைக்குது."

நஸ்ரின் விளக்கை அணைத்தார்.

"நீங்களே அவகிட்ட சொல்லிருங்க மேடம்."

"நான் அவங்களுக்கு எந்த வாக்கும் கொடுக்கலையே சார்."

அம்பலவாணன் எழுந்து போய்க் கோமதியைக் கைபிடித்துக் கூட்டி வந்தார். நஸ்ரின் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க அக்கா."

"இருக்கட்டும் டாக்டரம்மா. மருந்து வாசம் ஒண்ணும் வரலையே. இவங்க சொன்னதைப் பார்த்தா அண்டா அண்டாவா காய்ச்சி வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. கோமதிக்கு விஷயம் புரிய அது போதுமானதாக இருந்தது. அவள் உட்கார்ந்தாள்.

"கோமு" என்றார் அம்பலவாணன். "மருந்து வேலை செய்யல. நான் பார்த்தது கழிவை. மருந்துன்னு நெனச்சுட்டேன்."

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"இனிமே வேலை செய்யுமா?"

"இது செய்யாது."

"வேற?"

"தெரியாது."

"சரி. எனக்குக் கண்ணு சரியில்லைன்னு நீங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்தீங்க. உங்களை யாருகிட்ட கூட்டிட்டுப் போக?" என்றாள்.

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. நஸ்ரின் பக்கம் திரும்பினார்.

"ஆறு வருஷம் ஆச்சு மேடம், இவ என்னைப் பார்த்து. கண்ணை எடுத்துக் கொடுன்னா கொடுத்துருவேன். ஒரு தடவை பார்த்தாப் போதும்."

கோமதி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, இப்ப என்ன தெரியுது?" என்று நஸ்ரின் கேட்டார்.

"இவங்க சட்டையில பித்தானை மாத்திப் போட்டிருக்காங்க. ஒரு பக்கம் ஏறி நிக்கி. பஸ்லயே சொல்லியிருப்பேன். சந்தோஷமா வாராங்களேன்னு விட்டுட்டேன்."

அம்பலவாணன் குனிந்து பார்த்தார். பித்தான் மாறித்தான் இருந்தது.

"வேற?" என்றார் நஸ்ரின்.

"காதுக்கிட்ட நரை ஜாஸ்தியாயிட்டு. போன தீபாவளிக்கு இவ்வளவு இல்ல."

"முகம்?"

"முகம் கலங்கல்தான் டாக்டரம்மா. அது வராது."

"நரையெல்லாம் தெரியுதுன்னு நீ சொன்னதே இல்லையே" என்றார் அம்பலவாணன்.

"நீங்க கேட்டாத்தானே. வந்தா மருந்து, போனா மருந்து."

அவர் அவளையே பார்த்தார். அவள் இன்னும் ஜன்னல் பக்கம்தான் திரும்பியிருந்தாள்.

"என்னைப் பத்திப் பேசும்போதுகூட வேற எங்கேயோதான் பார்க்கிறா மேடம். வீட்டுலயும் இப்படித்தான். கோவம்னு நெனச்சு நான் எழுந்து போயிருவேன்."

"நேரா பார்த்தா அவங்களுக்கு அந்த இடத்துல ஒண்ணும் இல்ல சார், ஓரத்துலதான் தெரியும்" என்றார் நஸ்ரின். "உங்களைப் பார்க்கத்தான் ஜன்னலைப் பார்க்கிறாங்க."