கடைசிப் பந்தியில் அமர இருந்தவர்

மருத்துவர் மாசிலாமணி நெடுங்காலம் சிற்றூர் ஒன்றில் தனியாக வைத்தியம் பார்த்தவர். நோயாளி படியேறும்போதே நோயைச் சொல்லிவிடுவார் என்று பெயர் எடுத்தவர். அவசர சிகிச்சை கற்க வேண்டி, தம்மினும் இளையவரான மருத்துவர் பிலோமினாவிடம் மாணவராகச் சேர்ந்தார்.

பிலோமினாவின் பிரிவில் ஒரு நியதி உண்டு. நினைவு தடுமாறி வருபவர் எவராயினும், முதலில் விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிட வேண்டும்.

“காரணம் கண்ணெதிரே தெரியும்போதும் குத்த வேண்டுமா, மேடம்?”

பிலோமினா அதற்குள் எழுந்து நடந்தார். வாசலில் ஒரு கார் வந்து நின்றிருந்தது.

இறக்கப்பட்டவர் பட்டு வேட்டி கட்டியிருந்தார். நெற்றிச் சந்தனம் வியர்வையில் வழிந்தது. நாக்குக் குழறியது, தாங்கிப் பிடித்தவர்களை வைதார். மணமாலையோடு அவர் மகள் பின்னால் ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய புது மாமனார்.

“நல்லா குடிச்சிட்டு, பந்தியில வெச்சு என்னையே அடிக்க வந்தார் டாக்டர்! ஊரே சிரிச்சுது.”

“எங்கப்பா குடிக்கவே மாட்டார், மாமா!”

“அப்ப நான் பொய் சொல்றேனா? நீ எங்க வீட்டுக்கு வர்றதைப் பத்தியே இனிமேதான் பேசணும்.”

மாசிலாமணி குனிந்து முகர்ந்தார். “குடிதான், மேடம். ஓரமாகப் படுக்க வைத்தால் தெளிந்துவிடும்.”

“சாராய வாடை வருகிறதா?”

“பன்னீர் வாடைதான் வருகிறது. அதில் மறைந்திருக்கும்.”

“குத்துங்கள்.”

குத்தினார். சர்க்கரை இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. அரைக் கணம் அவர் கை நின்றது. பிறகு விரைந்து நரம்பில் குளுக்கோஸ் செலுத்தினார்.

படுத்திருந்தவர் கண் திறந்தார். சம்பந்தியைக் கண்டதும் பதறி எழ முயன்றார்.

“சம்பந்தி, உங்க ஆளுங்க எல்லாரும் சாப்பிட்டாச்சா?”

“நீங்கள் சாப்பிட்டீர்களா?” என்று பிலோமினா கேட்டார்.

“பொண்ணைப் பெத்தவன் முதல் பந்தியில எப்படிம்மா உட்கார்றது? கடைசிப் பந்தியில உட்காரலாம்னு இருந்தேன். காலையில சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமப் போட்டுட்டேன்.”

மாமனார் தம் தோள் துண்டால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டார். மருமகளை நிமிர்ந்து பாராமலே, “அப்பா பக்கத்துல உட்காரும்மா” என்றார்.

மாசிலாமணி தாழ்ந்த குரலில் கேட்டார்: “குடி இல்லையென்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?”

“எனக்குத் தெரியாது. அதனால்தான் குத்தச் சொன்னேன்.”

மாசிலாமணி மகிழ்ந்தார். “இனி அச்சமில்லை. மண்டபத்துக்கு அனுப்பிவிடலாம்.”

“சாப்பாட்டை இங்கே வரவழையுங்கள். சற்றுப் பொறுத்து மறுபடியும் குத்துங்கள்.”

சம்பந்திகள் இருவரும் பாயசத்தைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, மாசிலாமணி வேண்டாவெறுப்பாகக் குத்தினார். சர்க்கரை மீண்டும் இறங்கிக்கொண்டிருந்தது. மாத்திரை இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருந்தது. அவரே ஓடிப்போய் அடுத்த குளுக்கோஸைக் கொண்டுவந்து ஏற்றினார்.

பிறகு ஆசிரியை முன் வந்து நின்றார்.

“முதல்முறை உங்களுக்குத் தெரியவில்லை, குத்தச் சொன்னீர்கள். இரண்டாம் முறை நமக்குத்தான் எல்லாம் தெரிந்துவிட்டதே, மேடம். அப்போது ஏன்?”

“தெரிந்துவிட்டது என்று தோன்றியது. அதனால்தான்.”