அத்திமரத்து மைனாக்கள் பெயர் மாற்றிய கதை

குட்டையோரத்து அத்திமரத்தில் மைனாக்கள் ஒரு சங்கம் வைத்திருந்தன. உண்ணி கொத்துவோர் சங்கம் என்று பெயர். மானோ காட்டெருமையோ மரத்தடிக்கு வந்து காதைச் சாய்த்தால் போதும். மைனாக்கள் இறங்கி உண்ணிகளைக் கொத்தி எடுக்கும். விலங்குக்கு அரிப்பு தீரும், மைனாவுக்கு வயிறு நிறையும்.

ஒருநாள் கிளி ஒன்று அந்தப் பக்கம் வந்தது.

"உண்ணி கொத்துவோராம்! சீ! இந்தப் பெயரைச் சொன்னால் யார் மதிப்பார்கள்?"

சங்கத்தின் தலைவி மஞ்சமூக்கிக்கு முகம் சுண்டிவிட்டது. உடனே கூட்டம் போட்டது. "இனி நாம் அனைத்து வன மருத்துவப் பேரவை!" என்று அறிவித்தது. புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாமல், ஒரே பகலில் அத்தனை மைனாக்களும் மருத்துவர்கள் ஆகிவிட்டன!

மறுநாளே பல்வலியோடு யானை வந்தது. மைனாக்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, "நாளைக்கு வாருங்கள்!" என்றன. கால் பிசகிய கரடி வந்தது. அதற்கும் அதே பதில்தான். 'தெரியாது' என்று சொல்ல அந்தப் பெயர் விடவில்லை. பத்தே நாளில், "அது வெத்துப் பேரவை!" என்று காடு முழுக்கப் பேச்சு. மரத்தடிக்கு யாரும் வரவில்லை. மைனாக்கள் பட்டினி கிடந்தன.

இரை தேடிப் பறந்த மஞ்சமூக்கி, மூங்கில் புதரருகே ஒரு காட்டெருமைக் கன்று சுருண்டு கிடப்பதைப் பார்த்தது. இரண்டு காதிலும் உண்ணிகள் மொய்த்திருந்தன. கன்றுக்குத் தலை தூக்கவும் தெம்பில்லை. பக்கத்தில் அதன் தாய் நின்றிருந்தது.

"அக்கா, ஏன் எங்கள் மரத்துக்குக் கூட்டி வரவில்லை?" என்று பதறியது.

"நீ பேரவைக்காரியா? யானையின் பல்வலியையே தீர்க்காதவர்களிடம் என் பிள்ளையைக் கொடுப்பேனா?" தாய் கொம்பைத் தாழ்த்தியது. "உண்ணி கொத்துவோர் சங்கத்தை நம்பித்தான் மலை தாண்டி வந்தேன். மூன்று நாளாகத் தேடுகிறேன். அப்படி ஒரு சங்கமே இப்போது இல்லை என்கிறார்கள்!"

"அது நாங்கள்தான் அக்கா!"

"பொய்! தள்ளிப் போ!"

 மஞ்சமூக்கி வாதாடவில்லை. கொம்புக்கு அடியில் புகுந்து கன்றின் காதில் உட்கார்ந்தது. உண்ணியின் வயிற்றைப் பிடித்து இழுத்தால் தலை உள்ளேயே தங்கிப் புண்ணாகிவிடும். மஞ்சமூக்கி தலையை மட்டும் கவ்வி, மெல்லத் திருகி எடுத்தது. கன்று முனகக்கூட இல்லை. அடுத்ததையும் அப்படியே எடுத்தது.

தாயின் கொம்பு மெல்ல உயர்ந்தது.

"வேலை தெரிந்த அலகுதான்! உன் ஆட்களையும் கூப்பிடு!"

பொழுது சாய்வதற்குள் மைனாக்கள் கூடி இரண்டு காதையும் சுத்தம் செய்தன. இரண்டு நாளில் கன்று எழுந்து நின்றது. ஆனால் இடது காது கடைசிவரை கேட்கவில்லை. மூன்று நாள் முன்னால் நம்மிடம் வந்திருந்தால் அதுவும் பிழைத்திருக்கும் என்று மஞ்சமூக்கி அழுதது.

கன்று எழுந்த அன்றே மைனாக்கள் பழைய பெயரை மீண்டும் வைத்துக்கொண்டன. கிளி வந்து சிரித்தது.

"நன்றாகச் சிரி! காது வலிக்கிறவர்களுக்கு எங்களை அடையாளம் தெரிந்தால் போதும்!" என்றது மஞ்சமூக்கி.

நீதி: செய்யத் தெரியாததைச் சொல்லும் பெயர், செய்யத் தெரிந்ததன் மீதிருக்கும் நம்பிக்கையையும் கெடுத்துவிடும்.