மாசியில் ஏறியவர்

தீத்தாரப்பனின் விரல்களைச் சும்மா சொல்லக்கூடாது. முப்பது வருஷம் தவில் வாசித்த விரல்கள். ஆயிரம் பேர் பேசிக்கொண்டிருக்கும் கல்யாணப் பந்தலில்கூட, தாளம் மயிரிழை பிசகினால் கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பெருமை மனுஷனுக்கு உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த பெருமைதானே!

தோள்பட்டை விட்டுப்போனதும் ஐம்பத்தாறு வயசில் நாடி பிடித்து நோய் அறியப் படிக்க வந்தார். பொதிகை மலையடிவாரத்தில் உலகம்மையின் வைத்தியசாலை. உலகம்மை அவரைவிடப் பதினாலு வயசு இளையவள். அவளை அவர் ‘அம்மா’ என்பார். அவள் அவரைத் ‘தவில்காரரே’ என்பாள்.

அந்த வைத்தியசாலையில் ஒரு வழக்கம். நாடி பிடித்தவர் தனக்குப் பட்டதை, கூட வந்த சொந்தக்காரர்கள் முன்னால் உரக்கச் சொல்லிவிட வேண்டும். காதோடு காதாகச் சொல்கிற வேலையெல்லாம் அங்கே கிடையாது.

ஆனி மாசம் ஒரு காலையில் மூன்று பேர் வந்தார்கள். பனையேறி ஐயாக்குட்டி, அவன் மனைவி தங்கபுஷ்பம், அவளுடைய அண்ணன் பலவேசம். பலவேசத்தின் கையில் ஒரு துணிப்பை. அதில் தங்கச்சியின் சேலைகளும் பிள்ளைகளின் உடுப்பும் இருந்தன.

“மாப்பிள்ளை மாசி மாசத்துல இருந்து மரம் ஏறல,” என்றார் பலவேசம். “கட்டில்தான். கூப்பிட்டா சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுக்கான். நோய்னு நீங்க சொன்னா நான் வாயை மூடிக்கிடுதேன். இல்லேன்னா இன்னைக்கே தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போயிருவேன். சோம்பேறிக்குச் சோறு பொங்கவா நாங்க கட்டிக் கொடுத்தோம்?”

தங்கபுஷ்பம் பையைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். ஐயாக்குட்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வந்ததும் நாடி பிடிக்க மாட்டார்கள். அரைமணி நேரம் நிழலில் உட்கார வைத்தார்கள். பிறகு உலகம்மை, “தவில்காரரே, நீங்க பாருங்க,” என்றாள்.

தீத்தாரப்பன் மூன்று விரல்களை வைத்தார். கண்ணை மூடினார். கொஞ்சம் வேகம்தான். ஆனால் என்ன சீர்! ஒரு தட்டு முந்தவில்லை, ஒரு தட்டு பிந்தவில்லை. அவருக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது.

“அப்பழுக்கில்லாத நாடி!” என்று உரக்கச் சொன்னார். “இப்படி ஒரு தாளக்கட்டு நான் பாத்ததே இல்ல. இவருக்கு ஒரு குறையும் கிடையாது.”

“கேட்டியாம்மா?” பலவேசம் எழுந்துவிட்டார். “கிளம்பு.”

தங்கபுஷ்பத்தின் முகம் செத்துப்போனது. ஐயாக்குட்டி மட்டும் தலையாட்டினான், இது முன்பே தெரிந்த விஷயம் என்பதுபோல.

“அண்ணாச்சி, ஒரு நிமிஷம்,” என்றாள் உலகம்மை. “உங்க கையைக் கொடுங்க.”

“எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“அதனாலதான் கேக்கேன்.”

பலவேசம் கையை நீட்டினார். தீத்தாரப்பன் பிடித்தார்.

“மூச்சை மெதுவா இழுங்க,” என்றாள் உலகம்மை. “இப்போ மெதுவா விடுங்க.”

தீத்தாரப்பனின் புருவம் சுருங்கியது. மூச்சை இழுக்கும்போது நாடி துள்ளி ஓடியது. விடும்போது நின்று நிதானித்தது. மறுபடி ஓடியது. மறுபடி நிதானித்தது.

“அம்மா, தாளம் நிக்கவே இல்ல! இவருக்குத்தான் என்னமோ பெரிய கோளாறு!”

“எனக்கா?” பலவேசம் பொத்தென்று உட்கார்ந்தார். பை மடியில் விழுந்தது.

உலகம்மைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“தவில்காரரே, நாயனக்காரர் மூச்சு வாங்குற இடத்துல உங்க தவில் என்ன செய்யும்?”

“அவருக்கு விட்டுக்கொடுக்கும்.”

“அவர் எடுத்துக்கிட்டுப் பாஞ்சார்னா?”

“கூடவே பாயும். அப்படி வாசிச்சுத்தானே பேரு வாங்கினேன்!”

“அவர் மூச்சைக் கண்டுக்காம, அடிச்சதையே அடிச்சுக்கிட்டுப் போனா?”

“அது தவிலாம்மா? மாவு மில்லு.”

சொன்ன வாய் அப்படியே நின்றது. மனுஷன் கெட்டிக்காரர், மேற்கொண்டு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “அண்ணாச்சி, உங்க நாடிதான் மூச்சோட சேந்து போற நல்ல நாடி,” என்றார். அவராகவே ஐயாக்குட்டியின் கையை மறுபடி எடுத்தார்.

“இழுங்க தம்பி. விடுங்க.”

மூச்சு போனது, வந்தது. நாடி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சமும் அசையாமல், விடாமல், தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்தது. சற்று முன் எதைக் கேட்டுச் சிலிர்த்தாரோ, அதைக் கேட்க இப்போது அவருக்குப் பயமாக இருந்தது.

“கட்டிலை விட்டு எழும்பாத ஆளும்மா. சுவத்தைப் பாத்துப் படுக்காருன்னா மனசுதானே சரியில்ல? உடம்பு ஏன் இப்படி ஆகணும்?” என்று கேட்டார்.

“எனக்கென்ன தெரியும்?” என்றாள் உலகம்மை. “அவர்ட்டயே கேப்போம். தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை பனை?”

“நாப்பது.” ஐயாக்குட்டி முதல் தடவையாகத் தலையைத் தூக்கினான். “காலையில நாப்பது, சாயந்தரம் அதே நாப்பது.”

“ஊருக்கே உசந்த பனைம்மா,” என்றாள் தங்கபுஷ்பம் வேகமாக. “இவுக ஏறுற மரத்துல வேற ஆளு கை வைக்க மாட்டாவ.”

“உச்சியில நிக்கும்போது காத்து சுழட்டி அடிச்சா?”

“மட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிடுவேன்.”

“உடம்பு என்ன செய்யும்?”

“நெஞ்சு படபடன்னு அடிக்கும். நாக்கு மேல ஒட்டிக்கிடும். உள்ளங்கை வேர்க்கும்.”

“பசி?”

“அங்க எங்கம்மா பசிக்க? வயிறு கல்லு மாதிரி கிடக்கும்.”

“தூக்கம்?”

அவன் லேசாகச் சிரித்தான். “தூங்கினா ஆளு காலி.”

“இதெல்லாம் நீங்க சொல்லித்தான் உடம்பு செய்யுதா?”

“நான் எங்க சொல்ல? அதுவா செய்யும்.”

“இறங்கினதும்?”

“அதுவா அடங்கிரும். ரெண்டு வாய் தண்ணி குடிச்சா பசி வந்துரும்.”

“இப்போ, கட்டில்ல படுத்திருக்கும்போது எப்படி இருக்கு?”

ஐயாக்குட்டி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். ஈரம். வேட்டியில் துடைத்தான். மறுபடி பார்த்தான்.

“அப்படியேதாம்மா இருக்கு,” என்றான். “நெஞ்சு அடிக்கு. நாக்கு ஒட்டுது. சோறு இறங்கல, வயிறு போகல, கண்ணு மூடல. எல்லாரும் சோம்பேறிங்காவ. நான் நடிக்கேன்னு நானே நெனச்சுக்கிட்டேம்மா.”

தங்கபுஷ்பம் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்த ஈரக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

தீத்தாரப்பன் எழுந்து நின்றார். வழக்கம் வழக்கம்தானே. தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொன்னார்:

“நான் முதல்ல சொன்னது தப்பு. இவருக்கு நோய் இருக்கு.”

முப்பது வருஷத்தில் ‘தப்பு’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. வந்தபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார்.

உலகம்மை தாளை எடுத்தாள். டவுனில் இருக்கும் மனநல டாக்டருக்கு நாலு வரி எழுதினாள்.

“நாளைக்கே இவரைக் கூட்டிட்டுப் போங்க. அவங்க கொடுக்குற மாத்திரையை விடாம சாப்பிடணும். எட்டு நாளைக்கு ஒருக்க இங்கயும் வாங்க. மூச்சுப் பயிற்சி சொல்லித் தாரேன். தவில்காரர் நாடி பாப்பார்.”

பலவேசம் கடிதத்தை வாங்கினார். கிளம்பாமல் நின்றார். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு அதைத் தங்கச்சியின் காலடியில் வைத்தார்.

“எல்லாம் சரிம்மா. ஊர்ல மத்தவன்லாம் மரத்துல நிக்கான். இவன் எங்கேன்னு கேப்பாவ. நான் என்னன்னு சொல்லுவேன்?”

“அண்ணாச்சி, நீங்களும் பனை ஏறினவர்தானே?”

“ஏறாம? இருவது வருஷம்.”

“ஒரு மரத்து உச்சியில அதிகபட்சம் எவ்வளவு நேரம் நின்னிருப்பீங்க?”

“பதநீர்க் கலயம் மாத்துற நேரந்தான். அஞ்சு நிமிஷம் இருக்கும்.”

“அப்போ ஊர்ல கேக்கிறவங்ககிட்ட நெஞ்சை நிமித்திச் சொல்லுங்க. எங்க மாப்பிள்ளை மாசியில ஏறினவரு. இன்னும் இறங்கலன்னு.”