காத்திருக்கும் கூடத்துக்கு ஓர் ஓவியம்

புதுத் தாலுகா அலுவலகத்தில் பொதுமக்கள் காத்திருக்கும் கூடத்துக்கு ஓர் ஓவியம் தேவைப்பட்டது. தேர்வுக் குழுவுக்குத் தலைவர் தாசில்தார் சண்முகவடிவு. சிபாரிசு நுழையக் கூடாது என்று, வந்த படங்களிலெல்லாம் ஓவியர் கையெழுத்தின் மேல் காகிதம் ஒட்டச் சொன்னவர் அவர்தான். ஒட்டிய நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தன் குருவிடம் போனார்.

"ஏரிப் படத்தைப் பார்த்ததும் குழுவில இருக்கிற இன்ஜினியர் சிரிச்சாருங்கய்யா. வரைஞ்சது யாருன்னு அவருக்குத் தெரியும்."

"படம் நல்லா இருந்திருக்கும்."

"தேர்ப் படத்தைப் பார்த்து ஒருத்தரும் வாயே திறக்கல. எல்லாரும் பேசி வச்சிருக்காங்க. இதுல எது நேர்மையா வந்த படம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"நாளைக்கு வந்து பாக்குறேன்," என்றார் குரு.

இவர் ஏன் வலிய வருகிறார்? குருவின் சீடர்களில் இரண்டு ஓவியர்கள் உண்டே. அன்றிரவும் தூக்கம் இல்லை.

மறுநாள் படங்களைத் தன் அறைக்குள் அடுக்கிக்கொண்டு, யாரையும் விடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒட்டச் சொன்ன காகிதங்களைத் தானே நகத்தால் நெம்பிப் பார்த்தார். பெயர் தெரிந்தவர்கள் மேல் சந்தேகம் வந்தது. பெயர் தெரியாதவர்கள் மேல் அதைவிட அதிகமாக வந்தது.

மாலையில் வெளியே வந்தால், குரு கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பெண்.

"எப்ப வந்தீங்கய்யா? சொல்லி அனுப்பியிருக்கலாமே."

"பத்து மணிக்கு வந்தேன். எனக்கு முன்னாடியே இவங்க வந்துட்டாங்க. பேச்சியம்மாள். பொண்ணுக்குக் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. அஞ்சு மணிக்குள்ள வருமானச் சான்றிதழ் குடுக்கலேன்னா அந்த இடம் வேற ஆளுக்குப் போயிடுமாம். உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

சண்முகவடிவின் முகம் இறுகியது.

"அப்ப சிபாரிசுக்குத்தான் வந்தீங்களா?"

"இல்லம்மா. படம் பாக்கத்தான் வந்தேன். பாத்தாச்சு."

"படமெல்லாம் உள்ள என்கிட்டயில்ல இருக்கு. நீங்க எதைப் பாத்தீங்க?"

"இங்க உக்காந்திருக்கிறவங்க காலையிலேருந்து எதைப் பாத்துக்கிட்டிருக்காங்களோ, அதைத்தான். உன் ரூம் கதவை. மணி நாலு தாண்டிருச்சும்மா."