வடகொம்பை நிலையத்தின் படம்

“அந்த ஆளைத் தடை பண்ணுங்க. இல்லைன்னா நான் போறேன்” என்றார் திரவியம்.

அனுசுயா மருந்துச் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எங்க போறீங்க சார்?”

போவதற்கு அவருக்கு வேறு இடம் கிடையாது.

அவர் ஓய்வு பெற்ற சர்வேயர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் புனேயில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்பான். அவர் வாயைத் திறக்கும் முன்பே ‘சரிப்பா, வைக்கட்டுமா’ என்பான். மற்ற நேரமெல்லாம் திரவியம் இணையத்தில் இருக்கும் ஒரு கலைக்களஞ்சியத்தில் கிடந்தார்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது என்று நடக்கிற களஞ்சியம் அது. உருப்படும் என்று யாரும் நம்பவில்லை. உருப்பட்டுவிட்டது. அதில் தென் மாவட்டத்து ரயில் நிலையங்கள் எல்லாம் திரவியத்தின் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பு இல்லை, அவரே எடுத்துக்கொண்டது.

அனுசுயா அந்தக் களஞ்சியத்தின் நிர்வாகிகளில் ஒருத்தி. சண்டை போடுகிறவர்களைத் தடுத்து வைக்கும் அதிகாரம் அவளுக்கு உண்டு. மற்றபடி தென்காசியில் மருந்துக் கடை வைத்திருந்தாள். திரவியத்தின் மகனைவிட வயதில் சின்னவள். ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்க வந்தவருக்குக் களஞ்சியத்தில் எழுதக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அதனால் திரவியம் மனதுக்குள் அவளைக் குரு என்றே வைத்திருந்தார். சொன்னால் சிரிப்பாள் என்று சொன்னதில்லை.

“எந்தப் பக்கத்துல சண்டை?”

“வடகொம்பை நிலையம்.”

“அங்க ரயிலே நிக்காதே சார்.”

“நிக்கும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.”

“என்ன தகராறு?”

“படம்.”

பக்கத்தின் மேலே ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம். திரவியம் தாமே போய் எடுத்த படத்தை அங்கே வைத்திருந்தார். பெயர்ப்பலகை முழுசாகத் தெரியும். நடைமேடை சுத்தமாக இருக்கும். ஒரு கோடுகூடச் சாயாது.

மழைக்காகம் என்ற புனைபெயரில் எழுதும் ஒருவர் அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். அதில் பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிறார். அவர் முதுகு பெயர்ப்பலகையில் பாதியை மறைக்கிறது. படமும் லேசாகக் கோணல்.

திரவியம் தன் படத்தைத் திரும்ப வைத்தார். மழைக்காகம் தன்னுடையதை வைத்தார். மாற்றுகிறவர்கள் காரணம் எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு. முதலில் திரவியம் ‘தெளிவான படம்’ என்று எழுதினார். மழைக்காகம் ‘ஆள் உள்ள படம்’ என்று எழுதினார். பிறகு ‘கண் தெரியவில்லையா?’ என்று இவர் கேட்டார். ‘உங்களுக்கு?’ என்று அவர் கேட்டார். அதற்குப் பிறகு கட்டத்தில் இருவரும் வெறும் புள்ளி மட்டும் வைக்க ஆரம்பித்தார்கள். படித்தவர்கள் சண்டை போட்டால் இப்படித்தான்.

“அவர்கிட்ட பேசிப் பாத்தீங்களா?” என்று கேட்டாள் அனுசுயா.

“அவன்கிட்ட எனக்கு என்ன பேச்சு?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, பில் போடும் கணினி பக்கம் திரும்பி ஏதோ தட்டினாள்.

“தடை பண்ணியாச்சு. ஒரு வாரம்.”

திரவியம் மாத்திரையை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனார்.

வீட்டில் போய்ப் பார்த்தால் அவரையும் தடுத்து வைத்திருந்தது.

போன் போட்டார்.

“ஏம்மா, என்னையுமா?”

“ரெண்டு பேரையும்தான் சார்.”

“நான் என்ன தப்பு பண்ணேன்?”

“கஸ்டமர் நிக்காங்க சார்” என்று வைத்துவிட்டாள்.

தடைபட்டவர் களஞ்சியத்தில் எங்கேயும் கை வைக்க முடியாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் பேச்சுப் பக்கம் என்று ஒன்று உண்டு. அதில் மட்டும், அதுவும் தன்னுடையதில் மட்டும், எழுதலாம். தடையை நீக்கச் சொல்லி மன்றாடுவதற்காக விட்டுவைத்த வழி அது.

திரவியம் மன்றாடவில்லை. அலமாரியைத் துடைத்தார். துடைத்த அலமாரியையே மறுநாளும் துடைத்தார். டிவியைப் போட்டார், அணைத்தார். பால்காரரிடம் கொஞ்ச நேரம் நின்று பேசலாம் என்று கதவைத் திறந்தார். பாக்கெட் மட்டும் வாசலில் கிடந்தது. அன்று முழுக்க அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வெறும் வீட்டில் சொல்லி என்ன ஆகப்போகிறது?

வாரத்தின் நடுவில், எதிரி மன்றாடியிருக்கிறானா என்று பார்க்கப் போனார்.

மழைக்காகத்தின் பேச்சுப் பக்கத்தில் மன்றாட்டு இல்லை. இப்படி இருந்தது.

‘திரவியம் ஐயாவுக்கு. உங்கள் பக்கத்துக்கு வந்து எழுத இப்போது எனக்கு வழியில்லை. நீங்கள் இங்கே எட்டிப் பார்த்தால் ஒரு கேள்வி. கோபத்தில் கேட்கவில்லை. பொழுது போகாமல் நீங்கள் எடுத்த நிலையங்களின் படங்களை எல்லாம் பார்த்தேன். ஒன்றில்கூட ஆள் இல்லையே, ஏன்?’

திரவியம் பதிலை அங்கே எழுத முடியாது. தன் பக்கத்துக்கு வந்து எழுதினார்.

‘மழைக்காகம் அவர்களுக்கு. ஆட்கள் விலகும்வரை காத்திருந்துதான் எடுப்பேன். சர்வேயில் வந்த பழக்கம். குறுக்கே ஆள் நின்றால் அளவு தப்பிவிடும்.’

எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தார். சோறு வைக்கப் போனார். குக்கர் சத்தம் போடும் முன்பே திரும்பி வந்தார்.

மழைக்காகத்தின் பக்கத்தில் பதில் வந்திருந்தது.

‘நான் ஆள் வரும்வரை காத்திருந்தேன் ஐயா. காலை வண்டிக்கு யாரும் வரவில்லை. சாயங்கால வண்டிக்குத்தான் படத்தில் இருக்கும் அவர் ஒருத்தர் வந்தார். மறுநாள் எனக்கு விமானம்.’

‘எந்த ஊருக்கு?’

‘மஸ்கட். ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் காவல். லாரி வரும் நாளில்தான் மனித முகம். ஆள் இல்லாத இடத்தை நான் படத்திலும் பார்க்கணுமா?’

இருவரும் அவரவர் வாசலில் நின்றுகொண்டு, தெருவில் இறங்காமல் பேசினார்கள். என்ன சமையல் என்று இவர் கேட்டார். பருப்பும் முட்டையும் என்று அவர் சொன்னார். இவர் ரத்தக் கொதிப்பைப் பற்றிச் சொல்லியிருந்ததால், மாத்திரை போட்டாச்சா என்று அவர் கேட்டார். மகன்கூட இதைக் கேட்டதில்லை. பதிலுக்காக அவர் காத்திருக்கவும் செய்தார். திரவியத்துக்கு ஒரு தடவை சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் தன் சிரிப்பையே கேட்டு நாளாகிவிட்டதால் திடுக்கிட்டுப் போனார்.

அன்று மாலை தன் படங்களை எல்லாம் வரிசையாகத் திறந்து பார்த்தார்.

சுத்தமான நடைமேடைகள். நேரான கோடுகள். ஒரு நிலையத்தில் குழந்தையோடு நின்ற பெண்ணிடம் ‘கொஞ்சம் தள்ளிக்கிடுங்கம்மா’ என்று சொன்னது ஞாபகம் வந்தது. ‘எங்களையும் சேத்து எடுங்களேன்’ என்று அந்தப் பெண் கேட்டாள். அவர் கையைக் காட்டி விலக்கித்தான் எடுத்தார். அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணும் இல்லை, குழந்தையும் இல்லை.

தடை முடிந்தது.

முதல் வேலையாகத் திரவியம் வடகொம்பைப் பக்கத்தைத் திறந்தார். தன் படத்தை எடுத்துவிட்டு மழைக்காகத்தின் படத்தை வைத்தார். கட்டத்தில் ‘இதுவே நல்ல படம்’ என்று எழுதினார். மனசு லேசாகிக் காபி போடப் போனார்.

வந்து பார்த்தால் அவருடைய படமே மேலே இருந்தது. கட்டத்தில் ‘ஐயாவின் படமே இருக்கட்டும்’ என்று மழைக்காகம் எழுதியிருந்தார்.

‘வேண்டாம். உங்களுடையதுதான் பொருத்தம்’ என்று திரவியம் மாற்றினார்.

‘உங்கள் உழைப்பை நான் எடுப்பதா?’ என்று அவர் மாற்றினார்.

‘பிடிவாதம் வேண்டாம் தம்பி.’

‘நீங்கள்தான் ஐயா பிடிவாதம்.’

மதியத்துக்குள் இருவரும் ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான் மாற்றலாம் என்ற வரம்பைத் தாண்டிவிட்டார்கள்.

கடையிலிருந்து போன் வந்தது. திரவியம் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

“மறுபடியும் ஆரம்பிச்சாச்சா சார்?”

“இது சண்டை இல்லம்மா. மரியாதை.”

“மாத்தினது யாரு, எத்தனை தடவைன்னுதான் பக்கத்தோட வரலாற்றுல விழுது. ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது.”

அனுசுயா கணினி பக்கம் திரும்பி பக்கத்தில் அப்போது இருந்த படத்தையும் எடுத்துவிட்டாள். பக்கத்தின் மேலே வெள்ளையாக ஒரு ஓட்டை.

“அய்யோ, இப்படியே விடுவீங்களா?”

“புதுசா ஒண்ணு எடுத்துட்டு வாங்க.”

“ஆளோடயா, ஆள் இல்லாமயா?”

அவள் இருமல் மருந்து கேட்டு வந்த அம்மாளுக்குப் பாட்டிலைக் குலுக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று திரவியம் மழைக்காகத்தின் பக்கத்துக்கே போய் எழுதினார். இப்போது போகலாம், தடை இல்லை.

‘நாளை வடகொம்பைக்குப் போகிறேன் தம்பி. யாராவது வந்தால் எடுப்பேன். உங்கள் படம் மாதிரி.’

‘நான் இங்கே பார்த்துக்கொண்டே இருப்பேன் ஐயா’ என்று பதில் வந்தது.

மறுநாள் காலை வண்டிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்தார். கேமராவைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். வருகிறவரிடம் எப்படிக் கேட்பது என்று சொல்லிப் பார்த்தார். ‘உக்காருங்க. அவசரம் இல்லைன்னா ஒரு படம் எடுத்துக்கிடுதேன்.’ கொஞ்சம் அதிகாரமாகப் பட்டது. ‘கோவிச்சுக்கிடாதீங்க’ என்று முன்னால் சேர்த்துக்கொண்டார்.

காலை வண்டி வந்தது. யாரும் இறங்கவில்லை. யாரும் ஏறவும் இல்லை. போய்விட்டது.

வெயில் ஏறியது. கொண்டுபோன தயிர்ச்சாதத்தைச் சாப்பிட்டார். ஒரு ஆள் வந்தால் கொடுக்கலாம் என்று கொஞ்சம் மீதி வைத்தார். தூரத்தில் ரோட்டில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். பைக் நிற்காமல் போனது. இத்தனை வருஷம் எல்லா நிலையத்திலும் ஆட்கள் எப்போது தொலைவார்கள் என்று காத்திருந்தவருக்கு, இன்றைக்கு ஒருத்தர் வந்தால் போதும் என்று இருந்தது. ஒருத்தர்கூட வரவில்லை.

சாயங்கால வண்டி வந்தது.

திரவியம் கேமராவோடு நின்றார். ஒரு கதவும் திறக்கவில்லை. எஞ்சின் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி அவரைப் பார்த்தார். ஏறப்போகிற ஆள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. வண்டி கொஞ்சம் கூடுதலாக நின்றது. ஓட்டுநர் ஒரு தடவை ஹாரன் அடித்தார். திரவியம் கையை ஆட்டி இல்லை என்றார். அதற்கப்புறம்தான் வண்டி கிளம்பியது.

வெறும் பெஞ்சையாவது படம் எடுக்கலாமா என்று பார்த்தார். எடுக்கவில்லை. கேமராவை மூடியைப் போட்டு மூடினார். ரோட்டுக்கு நடந்து பஸ் பிடித்தார்.

மறுநாள் கடையில் கூட்டம் இல்லை. திரவியம் கல்லா முன்னால் வந்து நின்றார்.

“படம் எங்க சார்?”

“இல்லம்மா.”

“ஏன், போகலையா?”

“போனேன். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தப் பெஞ்சுலயேதான் உக்காந்திருந்தேன்.” கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டார். “தம்பிகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலை. அங்க பாத்துட்டே இருக்கேன்னு சொல்லியிருக்கான். ஒருத்தரும் வரலைம்மா. அவ்வளவு பெரிய பொழுதுக்கு, அந்த நிலையத்துல ஒரு ஆள்கூட இல்லை.”

அனுசுயா மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள்.

“நீங்க இருந்தீங்களே சார்” என்றாள்.