கழுதையின் மேல் ஸாவும் கீழ் ஸாவும்

அந்தக் காலத்தில் விலங்குகளும் பறவைகளும் பேசிக்கொண்டிருந்தன. தண்ணீருக்கு மனுக் கொடுக்கவும் கற்றிருந்தன. கழுதைக்கு அப்போது மற்றவர்களைப் போல ஒரே குரல்தான். பொதி சுமப்பவன் என்று அதை எந்த ஆலோசனைக்கும் கூப்பிடுவதில்லை.

மழை பொய்த்த வருடம். காட்டில் மிஞ்சியிருந்த ஒரே குளத்தை யானை மறித்து நின்றது.

"ஆளுக்கொரு கூச்சலை நான் கேக்க மாட்டேன். ஒரே குரலா வாங்க, வழி விடுறேன்" என்றது. அப்படி ஒருநாளும் வரமாட்டார்கள் என்பது அதன் கணக்கு.

கூடிப் பாடிக் கேட்பதென்று முடிவானது. குயில் உச்சத்தில் ஸா என்ற சுரத்தைப் பிடித்து, எல்லோரும் அங்கே ஏறி வர வேண்டும் என்றது. எருமை கழுத்தை நீட்டி முக்கியதில் குரல் உடைந்தது. யானை காதை ஆட்டிச் சிரித்தது.

"உங்களாலதான் கெட்டுது, அண்ணே" என்றது குயில்.

"நீ கொஞ்சம் எறங்கி வாயேன். மகாராணிக்குக் கீழே கால் படாதோ?"

"எறங்கினா எனக்கு வெறும் காத்துதான் வருது."

"என் தொண்டை இதுதான்" என்று எருமை தன் போக்கில் அடியில் ஒரு ஸா பாடிக் காட்டியது. துரோகி என்ற சொல் அன்றுதான் காட்டில் பிறந்தது. கூட்டம் இரண்டானது. எருமையின் கன்று நாக்கு வறண்டு படுத்துக் கிடந்தது.

ஓரமாக நின்ற கழுதைக்கு ஒன்று உறைத்தது. இருவரும் பிடித்தது ஒரே ஸா. ஒன்று மேல் ஸ்தாயி, மற்றது கீழ் ஸ்தாயி. வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? அது மூச்சை உள்ளே இழுத்து மேல் ஸாவைத் தொட்டது; குயிலோடு ஒட்டியது. மூச்சை வெளியே விட்டுக் கீழ் ஸாவுக்கு இறங்கியது, எருமையோடு ஒட்டியது.

"ரெண்டும் ஒண்ணுதான். அவங்கவங்க தொண்டை எட்டுற எடத்துல நில்லுங்க."

"எனக்கு மேலயும் எட்டல, கீழயும் எட்டல, மாமா" என்றது ஆடு.

"நடுவுல இருக்குற பா சுரத்தைப் பிடி. ரெண்டோடயும் சேரும்."

பாடினார்கள். கழுதை மேலும் கீழும் போய்வந்து இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டது. யானைக்குச் சொல்லச் சாக்கு எதுவும் இல்லை. விலகி மரங்களுக்குப் பின்னால் போனது.

தண்ணீரைக் கண்டதும் எல்லோரும் பாட்டை விட்டுவிட்டு ஓடினார்கள். பாட்டு நின்றால் யானை திரும்பிவிடும். கழுதை மட்டும் கரையிலேயே நின்று இரண்டு குரலையும் பாடியது. மூச்சு உள்ளே போனால் மேலே, வெளியே வந்தால் கீழே. கன்று எழுந்து போய்க் குடித்தது.

கடைசியில் கழுதை இறங்கியபோது சேறுதான் மிஞ்சியிருந்தது. அதை நக்கிவிட்டு வாயைத் திறந்தது. தொண்டை பழைய குரலுக்குத் திரும்பவில்லை.

"என்ன மாமா, ஒரு குரல்ல பாட வராதா?" என்று குயில் கேட்டது. தொண்டை நனைந்திருந்ததால் இனிமையாகவே கேட்டது.

அன்று முதல்தான் கழுதை கத்தும்போது மூச்சை இழுக்கையில் மேலேயும் விடுகையில் கீழேயும் ஒரே ஸாவைப் பிடிக்கிறது. கேட்டுச் சிரிப்பவர்கள் எல்லாம் அன்று தண்ணீர் குடித்தவர்கள்.