உப்பரிகைக்கு மட்டும் பிடித்த கிரகணம்

முன்னொரு காலத்தில், பெயர் சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வரக்கூடிய ஒரு நாட்டில், ஓர் அரசன் புதிதாக உப்பரிகை கட்டினான். கட்டிய கையோடு சந்திர கிரகணமும் வரவிருந்தது. அரசனுக்கு ஓர் ஆசை பிறந்தது.

"இந்தக் கிரகணம் என் உப்பரிகையிலிருந்து மட்டுமே தெரிய வேண்டும். வேறெங்கிருந்தும் தெரியக் கூடாது!"

சந்திரனுக்கு இதை யார் போய்ச் சொல்வது என்று சபை விழித்தது. மந்திரி வல்லபராயர் மட்டும் விழிக்கவில்லை. விதூஷகன் கூத்தபிரானை ஒழித்துக்கட்ட நெடுநாளாகக் காத்திருந்தவர் அவர்.

"இதற்குக் கூத்தபிரானை விட்டால் ஆளேது, பிரபு? தவறினால் அவர் நாக்கை அறுத்துவிட்டால் போயிற்று" என்றார், பேச்சில் தேன் ஒழுக. அரசனும் தலையாட்டிவிட்டான்.

வாயை வைத்துப் பிழைப்பவனுக்கு நாக்கும் போனால் என்ன மிஞ்சும்? இருந்தாலும் கூத்தபிரான் கும்பிட்டான்.

"உத்தரவு, பிரபு. ஆனால் உப்பரிகைக்கு வெளியே எவராவது திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டால்?"

"ஆறு மாதம் யானைக் கொட்டிலில் சாணம் அள்ளட்டும்!"

ஊரெங்கும் முரசறைந்து சொன்னார்கள். அதற்குமேல் கூத்தபிரான் செய்த ஏற்பாடு ஒன்றுமில்லை. கிரகணத்தன்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்தான். தூக்கம்தான் வரவில்லை.

மறுநாள் சபையில் வல்லபராயர் நெற்றி நிறையத் திருநீற்றோடு எழுந்தார்.

"மோசம் போனோம், பிரபு! ஊர் முழுக்கக் கிரகணம் தெரிந்திருக்கிறது. விட்டதும் ஆற்றில் தலைமுழுக வந்த கூட்டமே சாட்சி."

"மந்திரியாரும் முழுகினீர்களோ?" என்றான் கூத்தபிரான்.

"முழுகாமல் சோற்றைத் தொடுவேனா? பரம்பரை ஆசாரம், ஐயா!"

"விட்டது எப்படித் தெரிந்தது? வானத்தைப் பார்த்தீர்களோ?"

வல்லபராயர் சுதாரித்துக்கொண்டார். "சிவ சிவா! சோதிடர் குறித்துக் கொடுத்த நேரத்தில் முழுகினேன்."

அரசன் முகம் சுளித்தான். "அந்த நேரத்தில் பாதிகூட விடவில்லையே! சோதிடர் கணக்கு வழக்கம்போலத் தப்பு. நான்தான் பார்த்தேனே!"

"ஐயையோ!" கூத்தபிரான் காதைப் பொத்திக்கொண்டான். "அப்படியானால் மந்திரியார் கிரகணம் விடுமுன்னே முழுகி, சாப்பிட்டும் விட்டாரா?"

புரோகிதர்கள் வல்லபராயரிடமிருந்து மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்கள். பரம்பரை மானம் கப்பலேறுவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"அபாண்டம்! முழுசாக விட்டதை இந்தக் கண்ணால் பார்த்த பிறகுதான் முழுகினேன்!"

சொல்லி முடித்த பிறகே சொன்னது அவருக்கு உறைத்தது.

"வேறு யாருக்குக் கிரகணம் தெரிந்தது?" என்று அரசன் சபையைச் சுற்றிப் பார்த்தான்.

"எங்கள் தெருவுக்குச் சந்திரனே வரவில்லை, பிரபு" என்றார் சேனாதிபதி. நேற்றுப் பௌர்ணமிதானா என்று பொக்கிஷதாரர் சந்தேகப்பட்டார். புரோகிதர்களோ ஆற்றுப் பக்கமே போகவில்லையாம்.

அரசன் கூத்தபிரானை அருகே அழைத்தான். "உண்மையைச் சொல். சந்திரன் என் ஆணைக்குக் கீழ்ப்படிந்ததா?"

"சந்திரனைப் பற்றி எனக்குத் தெரியாது, பிரபு. சபை கீழ்ப்படிந்துவிட்டது."

அரசன் ஒரு கணம் முறைத்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான். அரசன் சிரிப்பதை நன்றாக உறுதிசெய்துகொண்டு சபையும் சிரித்தது. வல்லபராயருக்கு மட்டும் சாணக் கூடை வந்தது.